வால்வுக்கு அடியில் ஒரு தகரத் துண்டு

அந்தக் கம்ப்ரசரை எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கியவர் என் அண்ணன். ஏதோ ராணுவ முகாமில் கழித்துப் போட்ட சாமான்களோடு கிடந்ததாம். ஒற்றை சிலிண்டர், அதற்குக் கீழே நீளமான டேங்க், பக்கத்தில் ஒரு மின்சார மோட்டார், இரண்டையும் சேர்க்கும் பெல்ட். லோரியிலிருந்து நாலு பேர் பிடித்து இறக்கி, மலாக்காவின் காஜா பெராங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த பலகை வீட்டின் பின்னால், தகரக் கொட்டகையில் வைத்தார்கள். அண்ணன் பஸ் கம்பெனிப் பட்டறையில் மெக்கானிக். தானே பிரித்து, கழுவி, எண்ணெய் ஊற்றி, ஓடவிட்டுக் காட்டினார். மீட்டர் முள் மெல்ல ஏறியதை அண்ணனும் நானும் என் கணவரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதுவரை என் வீட்டுக்காரர் தூரிகையால் சாயம் அடிப்பவர். கதவு, ஜன்னல், கடைப்பலகை. கம்ப்ரசர் வந்த பிறகு சைக்கிள், ஆள் ஏறும் மூன்று சக்கரத் திரிஷா, பிறகு கார் என்று வேலை வளர்ந்தது. ஸ்ப்ரே அடித்த கார் வெயிலில் நிற்கும்போது மேலே நம் முகம் தெரியும். அதைப் பார்க்கவே அக்கம்பக்கத்தார் வந்து போவார்கள். பக்கத்து வீட்டில் மலாக்கா செட்டிக் குடும்பம் ஒன்று. எங்களைப் போலவே சாமி கும்பிடுவார்கள். பேச்சு முழுக்க மலாய். அந்த வீட்டு மனிதர் எங்கள் கொட்டகையை ஒட்டிய வேலியோரம் சைக்கிள் பழுது பார்ப்பவர். டியூபுக்குக் காற்றடிக்க எங்களிடம்தான் வருவார்.

எனக்குக் குழந்தை இல்லாத வருஷங்கள் அவை. வீட்டு வேலை பத்து மணிக்கெல்லாம் முடிந்துவிடும். கொட்டகையில் உட்கார்ந்து இயந்திரம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்துப் பார்த்தே அதன் குணம் எனக்குப் பிடிபட்டது. முதலில் தெரிந்தது தண்ணீர்ச் சங்கதி. ஒருநாள் சாயம் அடித்த மட்கார்டு முழுக்க அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்தது. சாயத்தில் கோளாறு என்று அவர் கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விட்டார். நான் டேங்கின் அடியிலிருந்த சிறு குழாயைத் திறந்தேன். துருப்பிடித்த தண்ணீர் ஒரு சொம்பு வந்தது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரம் டேங்குக்குள் தண்ணீராகத் தங்கி, காற்றோடு சேர்ந்து சாயத்தில் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து காலையில் வாசல் பெருக்குவதற்கு முன்னால் அந்தக் குழாயைத் திறந்து வடிப்பது என் வேலை.

கிறீச்சென்று சத்தம் வந்தால் பெல்ட் தளர்ந்திருக்கும். கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் ஒரு விரல்கடை இறங்க வேண்டும். அதற்கு மேல் இறங்கினால் மோட்டாரைப் பின்னுக்குத் தள்ளி முடுக்க வேண்டும். ஓட்டம் நின்ற பிறகும் முள் இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. சவுக்காரத்தைக் கரைத்து இணைப்புகளில் தடவினால் கசிகிற இடத்தில் நுரை கொப்புளிக்கும். மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் சுவிட்சை உடனே அணைத்துவிட வேண்டும். உள்ளே தங்கிய காற்றைத் திறந்துவிட்டுப் பிறகு போட்டால் சுற்றும். இதெல்லாம் எனக்கு வந்துவிட்டது. காற்று உறிஞ்சும் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கவும் கற்றுக்கொண்டேன். நல்ல இயந்திரம் கையை உள்ளே இழுக்கும். திருப்பி ஊதாது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்ற பேச்சு ஊரெங்கும் கிளம்பிய சமயம், அண்ணனுக்குள் ஒரு பயம் புகுந்தது. பதினேழு வயதில் என்னைக் கப்பலில் இந்த நாட்டுக்குக் கூட்டிவந்தவர் அவர்தான். கல்யாணம் செய்து வைத்தவரும் அவரே. என் வீட்டுக்காரர் இங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. அண்ணனோ ஊரில் அம்மாவுக்கு மாதம் தவறாமல் கடிதம் போடுகிறவர். வெள்ளைக்காரன் போன பிறகு இங்கே நமக்கு யார் இருக்கிறார்கள், எல்லாரும் திரும்பிப் போய்விடலாம் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து சொல்வார். என் வீட்டுக்காரர் எழுந்து கொட்டகைக்குப் போய்விடுவார். ஒருநாள் அண்ணன் என்னைத் தனியாகக் கேட்டார். எனக்கும் போக மனமில்லை. அதை நேராகச் சொல்ல வாய் வரவில்லை. “வேலை நல்லா போவுதுண்ணே. இத விட்டுட்டு எப்படி வர்றது?” என்றேன்.

அண்ணன் கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு பேச்சை மாற்றிவிட்டார். நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு சில வாரத்தில் இயந்திரம் படுத்த ஆரம்பித்தது. ஓடும், முள் பாதிவரை ஏறும், அதற்கு மேல் ஏறாது. பாதிக் காற்றில் ஸ்ப்ரே அடித்தால் சாயம் புகையாக வராது, எச்சில் துப்புவதுபோலச் சொட்டுச் சொட்டாக விழும். நாங்கள் தெரிந்ததையெல்லாம் பார்த்தோம். பெல்ட் சரியாக இருந்தது. சவுக்காரத் தண்ணீரில் எங்கும் நுரை இல்லை. காற்று வடிகட்டியில் அடைத்திருந்த தூளைத் தட்டிக் கழுவினோம். பழைய ரப்பர்க் குழாயை மாற்றினோம். முள் மட்டும் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருவார், சிலிண்டர் தலையைக் கழற்றுவார், நான் ஸ்பானரை எடுத்துக் கொடுப்பேன், எதையோ துடைத்து மாட்டுவார், இயந்திரம் ஓடும். இரண்டு மூன்று நாளில் பழையபடி படுத்துவிடும்.

“மெஷினுக்கு வயசாயிருச்சு மச்சான். இத நம்பிப் பொழைக்க முடியாது,” என்பார் அண்ணன்.

புதன்கிழமைகளிலும் அண்ணன் வந்துகொண்டிருந்தார். மத்தியானம் என் வீட்டுக்காரர் காய்கறி வாங்கப் பாசாருக்கோ சாயக் கடைக்கோ போயிருக்கும் நேரம் அது. பட்டறை வேலை நேரத்தில் நழுவி வருகிறேன், மச்சானிடம் சொல்லாதே, கேட்டால் சங்கடப்படுவார் என்றார். நானும் சொல்லவில்லை. தங்கையைப் பார்க்க இத்தனை தூரம் வருகிறாரே என்று எனக்குப் பெருமை. தோளில் பட்டறைக் கருவிப் பையோடு வருவார், வந்ததும் காப்பி கேட்பார். நான் அடுப்பை மூட்டிக் கலக்கி எடுத்து வருவதற்குள் கொட்டகைக்குப் போய் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார். கையைத் துடைத்துக்கொண்டே காப்பியை வாங்குவார்.

வேலை குறைந்தது. வாக்குக் கொடுத்த நாளில் வண்டியைத் தர முடியாதவரிடம் யார் மறுபடி வருவார்கள்? வீட்டில் பேச்சும் குறைந்தது. கொட்டகைச் சுவரில் ஆணியில் தொங்கிய ஸ்பானர்களை ஒருநாள் காணோம். கேட்டதற்கு என் வீட்டுக்காரர், திருட்டுப் பயம், உள்ளே எடுத்து வைத்துவிட்டேன் என்றார். கட்டிலுக்கு அடியில் பூட்டு போட்ட பெட்டியில் வைத்திருந்தார். சாவி அவர் இடுப்பில். அதையும் நான் நம்பினேன்.

சுதந்திர நாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பாபா சீன வியாபாரி ஒருவர் தன் காரைக் கொண்டுவந்து விட்டார். ஊர்வலத்தில் போகிற கார்; கறுப்பை எடுத்துவிட்டு வெள்ளை அடிக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்தால் ஊரே பார்க்கும். இரண்டு வாரம் உப்புத்தாளும் தண்ணீருமாகத் தேய்த்தோம். என் விரல் நுனிகளில் ரேகை அழிந்துபோனது. அந்த ஞாயிறு அண்ணன் வந்து சரிசெய்து கொடுத்ததில் திங்களும் செவ்வாயும் இயந்திரம் நன்றாக ஓடியது. கதவுகள், பின்பக்கம் எல்லாம் முடிந்தன. வியாழக்கிழமை காலை எஞ்சினின் முன்மூடிக்கு அடிக்கும்போது முள் இறங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் நிறுத்துவதற்குள் ஸ்ப்ரே கன் துப்பிவிட்டது. பால் போன்ற வெள்ளையில் தடிப்புத் தடிப்பாகச் சாயம் வழிந்தது.

அவர் ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, டவுனில் வேறு கம்ப்ரசர் இரவல் கிடைக்குமா என்று பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் இயந்திரத்தை ஓடவிட்டு உறிஞ்சும் வாயில் உள்ளங்கையை வைத்தேன். இழுத்தது. உடனே கையில் ஊதியது. இழுப்பு, ஊதல், இழுப்பு, ஊதல். உள்ளே போன காற்று போன வழியிலேயே திரும்பி வருகிறது. அப்படியென்றால் கோளாறு உள்வாங்கும் வால்வில்தான். வால்வு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, விரல் அகலத்தில் மெல்லிய எஃகு இதழ். காற்றை உள்ளே விட்டுவிட்டுத் துளையை மூடிக்கொள்ள வேண்டும். இது மூடவில்லை.

பக்கத்து வீட்டாரிடம் போய் ஸ்பானர் கேட்டேன். கொடுத்துவிட்டு, உன் அண்ணன் நேற்றும் வந்து அதைத் திறந்தாரே, இன்னுமா சரியாகவில்லை என்று மலாயில் கேட்டார். எண்ணெய் பார்க்கத்தான் வந்தார், திறக்கவில்லை என்றேன். இல்லை, தலையைக் கழற்றியதைத் தான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்ததாகச் சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற மனிதருக்குப் பொய் சொல்ல என்ன அவசியம்?

நாலு போல்ட்டு. கழற்றினேன். தலையைத் தூக்கிப் புரட்டினேன். எஃகு இதழ் நன்றாகவே இருந்தது. உடைசல் இல்லை, வளைவு இல்லை. அதைப் பிடித்திருக்கும் திருகாணிக்கு அடியில் மடித்துச் செருகிய ஒரு தகரத் துண்டு, சுண்டுவிரல் நகம் அளவு. அதுதான் இதழை மூடவிடாமல் தூக்கிப் பிடித்திருந்தது. உருவி எடுத்துச் சாயம் கரைக்கும் தின்னரைத் தொட்டுத் துடைத்தேன். நீலத்தின்மேல் மஞ்சள் பூ இதழ் தெரிந்தது.

அந்தத் தகரத்தை எனக்குத் தெரியும். முந்தின தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்கு முறுக்குச் சுட்டு அனுப்பினேனே, அந்த பிஸ்கட் டின். காலி டின்னில் அவர் திருகாணி போட்டு வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

தலையைத் திரும்ப மாட்டி ஓடவிட்டேன். முள் கடகடவென்று ஏறி நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. இத்தனை மாதம் எங்களைப் படுத்திய கோளாறு அரை மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. சுவிட்சை அணைத்துவிட்டு, தகரத்தை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன்.

அண்ணன் குடியிருந்தது புக்கிட் பாருவில். அன்று அவர் லீவு போட்டிருந்தார். நடுக்கூடத்தில் இரண்டு தகரப் பெட்டிகள் திறந்து கிடந்தன. அண்ணி துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். அண்ணிக்கும் தெரியும் என்று அப்போதே விளங்கிவிட்டது. முடிச்சை அவிழ்த்துத் தகரத்தை மேசைமேல் வைத்தேன். அண்ணன் அதை எடுக்கவில்லை. இது என்ன என்றும் கேட்கவில்லை.

“ஏண்ணே?” என்றேன்.

“நீதானே சொன்ன, வேலை நல்லா போவுது, அதான் வர முடியலேன்னு. வேலை போனா வருவேன்னு நெனச்சேன்.”

“பட்டினி போட்டு இழுத்துட்டுப் போவலாம்னு பாத்தியா?”

“உன்னைக் கூட்டிட்டு வந்தது நான். அம்மாகிட்ட திருப்பிக் கொண்டுபோய் விட வேண்டியதும் நான்தான். நாளைக்கு இங்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு உன்னப் பாத்துக்குவா? உன் நல்லதுக்குத்தான் பாப்பா செஞ்சேன்.”

அவர் குரலில் வெட்கம் இருந்திருந்தால் நான் அழுதிருப்பேன். இல்லை. பஸ் எஞ்சினில் என்ன கோளாறு என்று விளக்குகிற குரலில் சொன்னார். அவருக்குப் பிடிக்குமே என்று நான் சீனி கூடப் போட்டுக் கலக்கிய காப்பியெல்லாம் நினைவுக்கு வந்தது. நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் இதைச் செய்திருக்கிறார். மச்சானிடம் சொல்லாதே என்றது என் வாயையும் சேர்த்துக் கட்டத்தான். ஒன்றும் தெரியாமலேயே நான் அவருக்குக் காவல் இருந்திருக்கிறேன்.

கிளம்பும்போது அவரே கூப்பிட்டுச் சொன்னார். “மச்சானுக்கு இது போன மாசமே தெரியும். ஒரு வாரம் நான் வச்ச துண்ட யாரோ எடுத்துட்டாங்க. நீ எடுத்திருந்தா அன்னிக்கே கேட்டிருப்ப. அப்ப அவருதான். பாத்துட்டு ஒரு வார்த்த கேக்கல. அவருக்கும் ஊருக்கு வர ஆசைதான்போலன்னு நெனச்சுத்தான் மறுபடியும் வச்சேன்.”

பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அண்ணன் சமாளிப்பதற்காகப் பொய் சொல்கிறார் என்று ஒரு பக்கம் தோன்றியது. பூட்டிய ஸ்பானர் பெட்டி இன்னொரு பக்கம் இழுத்தது.

நான் வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. இரவல் கம்ப்ரசர் கிடைக்காமல் அவர் முன்பே திரும்பிவிட்டிருந்தார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டருக்கு முன்னால் குந்தியிருந்தார். யார் சரிசெய்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். நடந்தது முழுவதையும், புதன்கிழமைகளையும் மறைக்காமல் சொன்னேன். கடைசியில், “உங்களுக்கு முன்னாடியே தெரியுமாமே,” என்றேன்.

அவர் எழுந்து சுவிட்சை அணைத்தார்.

“தெரியும்.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“உங்கண்ணன் புதன்கிழம வர்றத நீ சொல்லல. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். நீயும் அவனும் சேந்து செய்றீங்கன்னு நெனச்சேன். உனக்கும் ஊருக்குப் போவணும்னு இருக்கு, அத வாயால சொல்லாம இப்படிச் செய்றேன்னு நெனச்சேன்.”

ஒரு மாதம். ஒரு மாதமாக நான் வடித்த சோற்றைத் தின்றிருக்கிறார். என் பக்கத்தில் படுத்திருக்கிறார். விரல் தேய்ந்து நான் அந்தக் காரைத் தேய்த்தபோது எதிர்ப்பக்கம் நின்று தேய்த்திருக்கிறார். இதைக் கெடுக்கப் போகிறவளும் இவள்தான் என்று நினைத்துக்கொண்டே. ஸ்பானரைப் பூட்டியது திருடனுக்காக அல்ல, எனக்காக. காலையில் அந்தப் பார்வையும் அதுதான். இயந்திரத்தைத் திறந்து பார்க்காமல் இரவல் தேடிப் போனதும் என்னிடம் கேட்க வேண்டி வருமே என்றுதான்.

அண்ணன் செய்தது துரோகம் என்று ஊரைக் கூட்டிச் சொல்லலாம். கையில் தகரம் இருந்தது. இவர் செய்ததற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். ஒரே ஒரு கேள்வி. “கேட்டிருக்கலாமே,” என்றேன். “கேட்டு நீ ஆமான்னு சொல்லிட்டா?” என்றார். நான் உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் வழிந்த இடத்தைத் தேய்த்து முன்மூடிக்குத் திரும்ப அடித்தோம். வேலை முடியும்வரை வேலைக்கு வேண்டிய சொற்களை மட்டும் பேசினோம். கார் குறித்த நாளில் போனது. ஊர்வலத்தன்று பண்டார் ஹிலிர் திடல் பக்கம் கூட்டத்தில் நின்று பார்த்தோம். வெள்ளைக் கார் பூவும் கொடியுமாக எங்களைக் கடந்தது. சுற்றிலும் எல்லாரும் கைதட்டினார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் அடுத்த மாதமே கப்பலேறினார். புறப்படும் நாளைச் சொல்லி ஆள் அனுப்பினார். நான் போகவில்லை. என் வீட்டுக்காரர்தான் சிங்கப்பூர்வரை போய் ஏற்றிவிட்டு வந்தார். அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆண்களுக்குள் அது எளிதாகத் தீர்ந்துவிட்டதுபோல. எனக்கு அதுவும் ஒரு குத்தலாகவே பட்டது. அண்ணனிடமிருந்து கடிதங்கள் வந்தன. அம்மா செத்த சேதிக்கு மட்டும் பதில் எழுதினேன். அதில் அவர் நலத்தை விசாரிக்கவில்லை.

வேலை மறுபடி நன்றாக வந்தது. ஸ்பானர்கள் ஆணிக்குத் திரும்பிவிட்டன. அவர் நல்ல மனிதர். அதற்குப் பிறகு என்னிடம் எதையும் மறைத்ததாக நினைவில்லை. நானும் குறை வைக்கவில்லை. ஆனால் இயந்திரம் கொஞ்சம் சத்தம் மாறி ஓடினாலும் இருவரும் உடனே ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். பார்த்துவிட்டுச் சட்டென்று திருப்பிக்கொள்வோம். பிள்ளைகள் பிறந்த பிறகும் அது போகவில்லை.

குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள மறுவருஷம் இருவரும் போனோம். நீண்ட வரிசை. மலாயில் சில கேள்வி கேட்டு, கையை உயர்த்தச் சொல்லி உறுதிமொழி வாங்கினார்கள். எங்கள் முறை நெருங்கும்போது அவர் திரும்பி, தாழ்ந்த குரலில், “உனக்கு நெஜமாவே இங்க இருக்கத்தான் விருப்பமா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அது உண்மைதான். அவர் நம்பினாரா என்று நான் பார்க்கவில்லை. குமாஸ்தா கூப்பிட்டார், கையெழுத்துப் போட நடந்தேன்.